தக்கைத் தரை

அவர் சொன்னதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். நாங்கள் இருவரும் ஒரே ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவர்கள். அவர் அடுப்புப் பக்கம், நான் மாவு பிசையும் இயந்திரத்தின் பக்கம். அந்த இரைச்சலில் பாதிப் பேச்சு காதில் விழாது. விழாத பாதியை நானே இட்டு நிரப்பியிருக்கலாம். மேல் வீட்டுப் பெண் முதன்முதலாக அவர் கதவைத் தட்டியது ஒரு மழை நாளில் என்று என் மனதில் பதிந்திருக்கிறது. வெயில் நாளாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவளுடைய இருமலைப் பற்றி அவர் சொன்னதில் எனக்குக் குழப்பம் இல்லை.

ஊர் எழுந்து வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வீட்டுக்கு வந்து, குளித்து, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பவர் அவர். தனிக்கட்டை. அது பழைய கட்டடம். மேல் வீட்டுத் தரைக்கும் அவர் கூரைக்கும் நடுவில் மரச்சட்டங்களும் வெற்றிடமும்தான். மேலே கார்பெட் விரித்திருந்ததால் நடக்கும் சத்தம் வராது. இருமல் மட்டும் வரும். காலையில் அவள் கார்பெட்டைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை நிறுத்தியதும் ஆரம்பிக்கும். முதலில் தொண்டையைச் செருமுவது போல இரண்டு, அப்புறம் விடாமல் ஒரு தொடர், கடைசியில் ஒரு நீண்ட இழுப்பு. பிறகு நாற்காலி கிறீச்சிடும். அவள் வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள் என்று அர்த்தம். அந்தக் கிறீச்சுக்குப் பிறகுதான் அவருக்குத் தூக்கம் வரும். சில நாள் இழுப்பு நிற்காமல் நீளும்போது, இருட்டில் கண்ணைத் திறந்தபடி அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். இத்தனைக்கும் அவளுடைய முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

கதவைத் தட்டியவள் நாற்பதை நெருங்கியவள், ஒல்லி. கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

"தூக்கத்தக் கெடுத்துட்டேனா? நான் மேல் வீடு."

"தெரியும்," என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டுவிடுவாளோ என்று உடனே பயம் வந்தது. "படிக்கட்டுல பாத்திருக்கேன்" என்று ஒரு பொய்யைச் சேர்த்துக்கொண்டார்.

தயங்கித் தயங்கி அவள் விஷயத்துக்கு வந்தாள். ஆஸ்துமா அதிகமாகிவிட்டது. கார்பெட்டை எடுத்துவிடச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எவ்வளவு சுத்தம் செய்தாலும் இழைகளுக்குள் தூசியும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் தங்கிவிடுமாம். ஆனால் மேல் வீட்டில் தரையை மாற்ற வேண்டுமென்றால் கீழ் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். அது அந்தக் கட்டடத்தின் விதி.

"டைல்ஸ் போடலாம்னு இருக்கேன். ஈரத்துணியால ஒரு துடை, அவ்வளவுதான்."

அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். அவளுக்கு முன்னால் மேலே இருந்த குடும்பம் வெறும் பலகையில் நடமாடியது. அந்த நாட்களில் தூக்கம் கெட்டு, சூடான தட்டில் கையை வைத்த தழும்பு இன்னும் மணிக்கட்டுக்கு மேலே இருக்கிறது.

"யோசிச்சுச் சொல்றேனே," என்றார்.

"நீங்க பகல்ல தூங்குறவர்னு தெரியும். அதனாலதான் இவ்வளவு நாள் கேக்காம இருந்தேன்," என்றாள். குறை சொல்லும் குரலில்லை. படியேறப் போனவள் நான்காவது படியிலேயே உட்கார்ந்து, பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினாள். அவர் கதவைச் சாத்தவும் முடியாமல் திறந்து வைக்கவும் முடியாமல் நின்றார்.

அன்று மாலை அக்காவிடம் போனில் சொன்னார். அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது அவருக்குப் பழக்கம்தான்.

"ஏண்டா, ஒரு பொண்ணு மூச்சு விடறதுக்கு உன் வாசல்ல வந்து அனுமதி கேட்டு நின்னிருக்கா. நீ என்னடான்னா பெரிய நீதிபதி மாதிரி யோசிச்சுச் சொல்றேன்னிருக்கே!"

"என் தூக்கம்க்கா..."

"தூங்கித் தூங்கி என்னத்தக் கண்ட? அம்பது வயசாச்சு. போய் அந்தப் பொண்ணுகூட நின்னு, சத்தம் வராத தரையா ஒண்ணு பாருடா. இதுக்குக்கூடவா நான் கிளம்பி வரணும்?"

தரைக் கடைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். கடைக்காரர் வாய் ஓயாதவர். இவர்களைப் பார்த்ததுமே கணவன் மனைவி என்று முடிவு கட்டிவிட்டார்.

"அண்ணே, நீங்க பேசாம நில்லுங்க. வீட்டம்மா கை வைக்கிறதுதான் தரை."

"இவரு கீழ் வீடு," என்று அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவர் காது சூடானது.

கூடத்தில் ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு சின்ன மேடை இருந்தது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டார். கடைக்காரரை ஒவ்வொரு மேடையிலும் நடக்கச் சொன்னார்.

"அண்ணே, நான் தரை விக்கிறவன். நாட்டியம் ஆடுறவன் இல்ல."

"கொஞ்சம் குதிங்களேன்," என்றாள் அவள்.

கடைக்காரர் புலம்பிக்கொண்டே குதித்தார். டைல்ஸ் கணீரென்றது. லேமினேட் பலகை காலிப்பெட்டியைத் தட்டுவது போலிருந்தது. வினைல் பரவாயில்லை, ஆனால் குனிந்து முகர்ந்த அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடை வாசலுக்கே போய்விட்டாள். புதிய வினைலின் அந்த நெடி அவளுக்கு ஆகவில்லை. அடுத்த மேடைக்காகக் காத்திருந்தார். சத்தமே வரவில்லை.

"நடங்க," என்றார் கண்ணைத் திறக்காமல்.

"நடந்துக்கிட்டுதான் இருக்கேன்!"

அது தக்கை. பாட்டிலை அடைக்கும் அதே தக்கையைப் பலகையாக அழுத்தியிருந்தார்கள். பசை தேவையில்லை, பலகைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். மேல்பூச்சு இருப்பதால் பிழிந்த துணியால் துடைக்கலாம். அவள் திரும்பி வந்து முகர்ந்து பார்த்தாள், கன்னத்தை வைத்தும் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. "நீங்க தூங்கலாம், நான் மூச்சு விடலாம்," என்றாள். அவருக்கு அது போதவில்லை. அடியில் விரிக்கும் மெத்தைத் தாளிலும் இருப்பதிலேயே கனமானதைக் கேட்டார். அதைவிடக் கனமாக வேறு இருக்கிறதா என்றும் கேட்டார்.

"இதுக்கு மேல போட்டா, மேல யானை கட்டினாக்கூட உங்களுக்குத் தெரியாதுண்ணே," என்றார் கடைக்காரர்.

கார்பெட்டை எடுக்கும் வேலையை அவரே ஏற்றுக்கொண்டார். அவள் சாவியைக் கொடுத்துவிட்டுத் தோழி வீட்டுக்குப் போனாள். தொழிற்சாலையில் சிந்திய மாவை உலர்ந்தபடி கூட்டக்கூடாது, தண்ணீர் தெளித்துத்தான் எடுப்போம். அதே மாதிரி முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, கார்பெட்டின் மேல் தண்ணீரைப் புகையாக அடித்து, கீற்றுக் கீற்றாக அறுத்துச் சுருட்டினார். பிறகுதான் அறையைப் பார்த்தார். ஜன்னலோரம் மேசை, அதன் மேல் கணினி. யாரோ பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக்குவதுதான் அவள் தொழில். நாற்காலியைத் தொட்டார். கிறீச்சிட்டது. அவருடைய கட்டிலுக்கு நேர் மேலே. ஒரு கோப்பை, ஒரு தட்டு, ஒரு செடி. கீழே படுத்துக்கொண்டு மனதில் கட்டி வைத்திருந்த அறைதான், கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. அனுமதியில்லாமல் அவர் பல வருடமாக இங்கே வந்துபோய்க்கொண்டிருந்த மாதிரி வெட்கமாயிற்று. சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக இறங்கினார்.

புதுத் தரை போட்டு, ஜன்னல்களை நன்றாகத் திறந்து காற்றாட விட்ட பிறகு அவள் திரும்பி வருவாள் என்று பேச்சு. அவர் காலையில் படுத்துக் காத்திருந்தார். சத்தமில்லை. இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். மறுநாளும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. தோழி வீட்டிலேயே உடம்பு முடியாமல் ஆகிவிட்டதோ என்று மனம் எங்கெங்கோ போனது. யாரிடம் கேட்பது? கேட்டால் நீ யார் என்பார்களே. தூக்கம் சுத்தமாகப் போயிற்று.

அந்த வார இறுதியில் படிக்கட்டில் அவளைப் பார்த்தார். இரண்டு கையிலும் கனமான பைகளோடு நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா?"

"நான் வந்து நாலஞ்சு நாளாச்சே!" அவள் திரும்பினாள். முகத்தில் களை வந்திருந்தது. "சத்தம் ஏதாவது கேக்குதா? மறைக்காம சொல்லுங்க."

"இல்ல. ஒண்ணுமே கேக்கல."

"நிஜமாவா? நாற்காலியக்கூட நான் மெதுவாத்தான் இழுக்குறேன், உங்களுக்காக. அவ்வளவு மெதுவா வேணாம்னு சொன்னீங்கன்னா ஓடி ஆடிடுவேன்." மூச்சு வாங்காமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இருமல் இல்லை. "எல்லாம் உங்க புண்ணியம். அந்தக் கனமான தாள் நீங்க கேக்காட்டி நான் வாங்கியிருக்கவே மாட்டேன்."

ஓடி ஆடுங்கள் என்று வாய்வரை வந்தது. ஒரு நாள் தேநீருக்கு வரலாமா என்று கேட்கலாம் என்றும் தோன்றியது. எதற்கு என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? இருமல் நின்றது நல்ல விஷயம். அதற்குத்தானே இவ்வளவும். நல்ல விஷயத்துக்கு ஒருவன் துக்கப்படுகிறான் என்றால் அதை எந்த வார்த்தையில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நல்லதுங்க," என்றார்.

அவள் ஏறிப்போனாள். கதவு சாத்தும் வரை காலடி கேட்டது, அதற்கப்புறம் இல்லை. அவர் உள்ளே வந்து, கட்டிலின் மேல் ஏறி நின்று, உள்ளங்கையைக் கூரையில் விரித்து வைத்துப் பார்த்தாராம். ஏதாவது அதிர்வு வருகிறதா என்று. இதைச் சொன்னபோது என்னைப் பார்க்காமல் அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். ரொட்டி வேக இன்னும் நேரமிருந்தது.

மேல் வீட்டுப் பெண் அங்கே இன்னும் சில வருடங்கள் நலமாக இருந்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஊருக்குப் போனாள். போகும்போது அவரிடம் செடியைக் கொடுத்துவிட்டுப் போனாள். செடி ஒரு கோடையைத் தாண்டவில்லை. தரைக்கடைக்காரர் இரண்டாவது கடை திறந்திருக்கிறார். அக்கா காலமாகிவிட்டார். நான் பகல் வேலைக்கு மாறிவிட்டேன். அவர் ஓய்வு பெற்று, அதே வீட்டில், எல்லோரையும் போல இரவில் தூங்குகிறார். போன மாதம் கடைவீதியில் பார்த்தபோது, மேலே இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"யாரோ இருக்காங்க," என்றார்.