ஏழாம் எண் பாட்டில்

1.

அன்று ஜமாஅத் மண்டபத்தில் இருந்தவர்கள்: மீனவப் பெண்கள் சங்கத்தின் பூவம்மா, சர்ச் மாதர் சங்கத்து ஹெப்சிபா, விம்கோ நகர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் லட்சுமணன், ஜமாஅத் சார்பில் மஜீது.

இந்தக் கதையில் மஜீது என்று வரும் இடமெல்லாம் நான்தான். ‘நான்’ என்று மூன்று முறை தொடங்கிப் பார்த்தேன். மூன்று முறையும் நல்லவனாகிவிட்டேன். கிழித்துப் போட்டேன்.

2.

“மஜீதின் பாட்டனார் வெட்டிய கிணறு, திருவொற்றியூரிலேயே…” (நிறுத்திவிட்டேன். மறுபடியும் பெருமை.)

நடந்தது இது. ஆலைக் கழிவு நிலத்தடி நீரில் இறங்குகிறது என்று நிரூபிக்க நான்கு சங்கங்களும் முதன்முறையாக ஒன்று சேர்ந்தன. பன்னிரண்டு வீட்டுக் கிணறுகளில் தண்ணீர் எடுத்து, பாட்டிலில் எண் ஒட்டி, ஆய்வகத்துக்கு அனுப்பின. பதினொன்றில் எண்ணெயும் ஈயமும். ஏழாம் எண் மட்டும் சுத்தம். அது மஜீது வீட்டுக் கிணறு.

அந்த முடிவோடு ஆலைமீது போட்ட மனுவின் விசாரணையில் ஆலையின் வக்கீல் கேட்டார்: “நட்ட நடுவில் ஒரு கிணறு சுத்தமாக இருக்கிறதே, கழிவு அதைத் தாண்டிக் குதித்தா போனது?” அதிகாரி சிரித்தார். மனுவைத் தள்ளினார்.

3.

அதன் பிறகுதான் மண்டபத்தில் கூடினார்கள்.

“இன்னா பாய், ஒங்க வூட்டுக் கெணறு மட்டும் ஆகாசத்துலயா கீது?” என்றார் பூவம்மா.

“பெரிய வூடும்மா,” என்றார் லட்சுமணன். “கழிவுகூட சலாம் போட்டு ஒதுங்கிப் போய்க்கினு கீது.”

ஹெப்சிபா சிரிக்கவில்லை. “ஐயா, மத்த வூட்ல எல்லாம் நான்தான் எறச்சேன். ஒங்க வூட்ல மட்டும் என்னிய வாசல்லயே நிக்க வெச்சிட்டு, நீங்க உள்ள போய் ரொப்பிக்கினு வந்தீங்க.”

[மஜீது இருமினார் என்று எழுதியிருந்தேன். இருமவில்லை.]

“நான் ரொப்புனது கேன் தண்ணி,” என்றார் மஜீது. “மூணு தலைமுறையா நோன்புக் கஞ்சிக்கு எங்க கெணத்துத் தண்ணி போவுது. அது கலீஜுன்னு பேப்பர்ல வரணுமா?”

பூவம்மா எழுந்து நின்றார். “ஒன் பேரு கெடக் கூடாதுன்னு எம் பேத்தி ஒடம்பு கெடணுமாய்யா?”

அந்த மண்டபத்தில் மஜீதை யாரும் அதுவரை ஒருமையில் பேசியதில்லை. அவர் தலை குனியவுமில்லை. குனிந்தார் என்று எழுதினால் உங்களுக்கு இதமாக இருக்கும். எழுத மாட்டேன்.

4.

கோபத்தில் எழுதுகிறேன், இந்தப் பகுதியை மட்டும் திருத்தவில்லை. கழிவை இறக்கியவனுக்கு வெட்கமில்லை. கழிவு இறங்கிய கிணற்றுக்காரன் வெட்கப்படுகிறான். திருடன் நெஞ்சை நிமிர்த்தி நடக்க, பறிகொடுத்தவன் கதவைச் சாத்திக்கொள்கிறான். எதிராளிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சுத்தமான பாட்டில். மானம் மானம் என்று அதை அவன் கையில் கொடுத்தார் மஜீது.*

* ‘கொடுத்தார்’ என்ன ‘கொடுத்தார்’. கொடுத்தான்.

5.

மறு ஆய்வு கேட்டு மனு போட்டிருக்கிறார்கள். மனுவோடு சேர்க்க, இம்முறை ஏழாம் எண்ணை ஹெப்சிபா இறைத்தார். மேலேயே எண்ணெய்ப் படலம். மஜீது வாக்குமூலத்தில் கையெழுத்திட்டார். மறு ஆய்வுக்கு அனுமதி கிடைத்ததா? ஒரு முடிவில் கிடைத்தது, ஒரு முடிவில் இல்லை. இரண்டையும் அடித்துவிட்டேன். கதவு திறக்கும்வரை நீங்களும் எங்களோடு அந்த அலுவலக வாசலில் நில்லுங்கள்.

இதற்கிடையே, ஆலை ஆட்கள் வந்து மிரட்டித்தான் மஜீது பாட்டிலை மாற்றினார் என்று சாத்தாங்காடு வரை பேச்சு. மறுக்க வேண்டாம், குடும்ப மானமாவது மிஞ்சும் என்கிறார்கள் என் பிள்ளைகள்.

பொய். யாரும் வரவில்லை. யாரும் மிரட்டவில்லை. மாற்றியது நான்.