இரண்டு வாளி பச்சைத் தண்ணீர்

வெந்நீர் ஊற்றினால் ஆவி வரும். விளக்கு வெளிச்சத்தில் அது பளிச்சென்று தெரியும். கடலிலிருந்து எழுந்து வந்தவள் குளியலறையிலிருந்து எழுந்து வந்தவளாகிவிடுவாள். அதனால் ஜனவரி மாதத்திலும் எனக்குப் பச்சைத் தண்ணீர்தான். இரண்டு மணிக் காட்சிக்கு இரண்டு வாளி, ஐந்து மணிக் காட்சிக்கு இரண்டு வாளி. இரண்டு வருடம் இப்படி நனைந்தேன்.

அசகுசாவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே நான்காவது மாடியில் எங்கள் அரங்கு. பார்க்க வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் வெளிநாட்டுக்காரர்கள். தயாரிப்பாளர் நிராசாகி இந்த நாடகத்தை அவர்களுக்காகவே செய்தார். ஐம்பத்தைந்து நிமிடம், வசனம் கிடையாது, பாதி சினிமா, பாதி மேடை. முத்துக்குளிக்கும் ஒருத்தி, படகோடு மூழ்கிய புருஷனைத் தேடிக் கடலுக்குள் இறங்குகிறாள். எங்கள் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுப்பது பெரும்பாலும் தின்னும் சிப்பியும் கடற்பாசியும்தான். அதைச் சொன்னேன். "பாசிக்கு எவன் டிக்கெட் வாங்குவான், தமாகி-சான்?" என்றார். தமாகி என்பது நான்; சான் என்பது மரியாதைக்கு.

திரை ஒரே துணியாக இராது. மேலிருந்து கீழ்வரை நாடா நாடாவாக வெட்டித் தொங்கவிட்ட வெள்ளை ரப்பர். படத்தில் அவள் மூச்சு முட்ட மேலே வருகிறாள், தலை நீரைக் கிழிக்கப்போகிறது. அந்த நொடியில் நாடாக்கள் விலகி, அவளே சொட்டச் சொட்ட மேடையில் வந்து விழுகிறாள். திரைக்குப் பின்னால் வெள்ளை உடுப்பில் நான் நிற்பேன். மேடையைக் கவனித்துக்கொள்ளும் கொகுபு, வயது அறுபதைத் தாண்டிய மனிதர், இரண்டு வாளியையும் என் தலையில் கவிழ்த்து முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். நான் பாய்வேன். அதற்கப்புறம் இருபது நிமிடம் மேடையில் நான் ஒருத்திதான். கையில் புருஷனுடைய இடுப்புக்கச்சையோடு உட்கார்ந்து அழுவதும், கொஞ்சுவதும், அந்தக் கச்சையோடு சண்டை போடுவதும்.

படத்தில் இருப்பது நான் இல்லை. அவள் இரோஹா. தொலைக்காட்சித் தொடர்களில் தலைகாட்டிக்கொண்டிருந்தவள், இருபத்து நான்கு வயது. இரண்டு நாள் வந்து கடலில் நீந்திக்கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு நாற்பத்து மூன்று.

"முகம் ஒட்டவே ஒட்டாதே, நிராசாகி-சான். உயரம் ஒண்ணா இருந்தா ஆச்சா?" என்று முதல் நாளே கேட்டேன்.

"நம்ம ஆளுங்க கண்ணுக்குத்தான் ஒட்டாது. அவங்களுக்கு நாம எல்லாரும் ஒரே அச்சு. முடிய முன்னால இழுத்து விட்டுக்கோங்க, போதும்."

அதைக் கேட்டு நானும் சிரித்தேன். மறைப்பானேன், வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சொன்னதுதான் நடந்தது. இரண்டு வருடத்தில் ஒருவர்கூட, "அது வேற பொண்ணாச்சே" என்று சொல்லவில்லை. காட்சி முடிந்ததும் வரவேற்பறையில் வரிசையாக நின்று என்னோடு படம் எடுத்துக்கொள்வார்கள். விளம்பரத் தாளில் இருக்கும் இரோஹாவின் முகத்துக்குக் கீழே கையெழுத்துக் கேட்பார்கள். நானும் இரோஹா, இரோஹா என்று போட்டுக்கொடுப்பேன். "திரையைவிட நேர்ல சின்னப் பொண்ணா இருக்கீங்க" என்று ஒரு அம்மாள் சொன்னதை ஒப்பனையறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஏமாறுகிறவர்களைப் பார்த்தால் ஏமாற்றுகிறவர்களுக்கு ஒரு தெம்பு வரும். எனக்கும் வந்தது.

ஆனால் ஒன்று மட்டும் அசலாக இருக்கவேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். அதுதான் சீழ்க்கை. மூழ்குகிற பெண்கள் நீருக்கு மேலே வந்ததும் அடக்கிய மூச்சை உதடு குவித்து மெல்ல விடுவார்கள்; மெலிந்து நீண்ட ஒரு சீழ்க்கையாக அது வரும். உயிரோடு வந்துவிட்டேன் என்பதற்கு அதுதான் அடையாளம். அதற்காகச் சொந்தச் செலவில் ஷிமா கடற்கரைக்குப் போய், எட்டு நாள் அவர்களோடு நீரில் கிடந்து கற்றுக்கொண்டேன். நாடாவைக் கிழித்துக்கொண்டு வந்து விழுந்ததும் முதலில் அந்தச் சீழ்க்கை. அதைக் கேட்டபிறகுதான் மேடையோரத்தில் இருக்கும் மேளக்காரர் முதல் தட்டுத் தட்டுவார். அதுவரை அரங்கில் ஒரு சத்தம் இராது.

அந்தச் சீழ்க்கைக்காகவே வருகிறேன் என்று சொன்ன ஒருவர் உண்டு. ஹென்ரிக். யோகோஹாமாவில் கப்பல் நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் டென்மார்க்காரர், தலை முழுக்க நரைத்தவர். எங்கள் பாஷையைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார். பதினொரு தடவை வந்துவிட்டார். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு போனபிறகு கடைசியாக வருவார்.

"இரோஹா-சான், நான் அந்த மூச்சு கேக்க வர்றேன். ஏன்னு கேக்காதீங்க" என்றார் ஒருமுறை.

இன்னொரு முறை, குளிரில் நனைகிறேனே என்று தொண்டைக்கு ஒரு டப்பா மிட்டாய் கொண்டுவந்தார். கறுப்பாக, உப்புக் கரித்துக்கொண்டு இருந்தது. மனுஷன் தின்ன முடியாது. ஒன்று விடாமல் தின்று தீர்த்தேன். என்னைப் பார்க்கவென்று பதினொரு தடவை வந்த வேறு ஆள் என் வாழ்க்கையில் இல்லை.

இரண்டாம் வருட முடிவில் பிரான்சிலிருந்து அழைப்பு வந்தது. லியோன் நகரத்து நாடக விழா, மூன்று வாரம். மேடைப் பாத்திரம் எனக்குத்தான், என் பெயரையும் போடுவோம் என்று நிராசாகி எல்லார் முன்னாலும் சொன்னார். இருபத்தொரு வருடமாக நடிக்கிறேன், ஒரு தாளிலும் என் பெயர் பெரிய எழுத்தில் வந்ததில்லை. அன்றைக்கு நடந்தே வீட்டுக்குப் போனேன், அவ்வளவு சந்தோஷம்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். அவர் தேநீர் கொடுத்தாலே எதையோ பறிக்கப்போகிறார் என்று அர்த்தம்.

"இரோஹாவோட கம்பெனிக்காரங்க அந்தப் பொண்ணே லியோனுக்குப் போகட்டும்னு சொல்றாங்க. படத்துலயும் அவ, மேடையிலயும் அவ. யோசிச்சா அதுதானே நியாயம்?"

"இந்த ரெண்டு வருஷமா அந்த நியாயம் எங்க போயிருந்தது?"

"கோவப்படாதீங்க."

"கோவப்படல. அந்தப் பொண்ணால இருபது நிமிஷம் மேடைய தாங்க முடியாது. பாக்கறவங்களுக்கே தெரிஞ்சுபோகும்."

நிராசாகி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யாருக்குத் தெரியும், தமாகி-சான்? ரெண்டு வருஷமா யாருக்குத் தெரிஞ்சுது?"

அந்தக் கேள்விதான் என்னைக் கிளறிவிட்டது. ஹென்ரிக்கைப் பற்றிச் சொன்னேன். பதினொரு தடவை பார்த்தவர், மூச்சைக்கூட அடையாளம் தெரிந்துவைத்திருப்பவர், அவருக்குத் தெரியும் என்றேன். நிராசாகிக்கு இது விளையாட்டாகப் பட்டது.

"சரி. வர்ற ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணிக் காட்சியில இரோஹா ஏறட்டும். உங்க ஆளுக்கு நானே டிக்கெட் அனுப்பறேன். அவர் வந்து, 'இன்னைக்கு என்னமோ வேற மாதிரி இருக்கே'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், லியோனுக்கு நீங்கதான். சொல்லலைன்னா அப்புறம் மூச்சு விடக்கூடாது."

கொகுபுவைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சம்மதித்தேன்.

ஐந்து நாள் நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நல்ல பெண்; அதுதான் இன்னும் எரிச்சல். காலையில் எனக்கு முன்னால் வந்து மேடையைத் துடைத்துவைப்பாள். அக்கா, அக்கா என்று பின்னாலேயே வருவாள். எங்கே விழவேண்டும், கச்சையை எப்படிப் பிடிக்கவேண்டும், படத்தில் நிலா எந்த நொடியில் எழும்பும், எல்லாம் சொன்னேன். படம் யாருக்காகவும் காத்திருக்காது, நீ பிந்தினால் நிலா உனக்கு முன்னால் போய்விடும் என்றேன். சீழ்க்கையை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அக்கா, அந்தச் சீழ்க்கை எனக்கு வரவே மாட்டேங்குது. காத்துதான் வருது" என்றாள் வெள்ளிக்கிழமை.

"அது பழகி வர்றதில்ல. தண்ணி தலையில விழுந்ததும் தானா வரும். இப்பவே போட்டு உதட்டைப் புண்ணாக்கிக்காதே."

வாய் கூசாமல் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு, ஒப்பனையறையில் எனக்கென்று வாங்கிவந்த சோற்றுருண்டையைப் பிரித்துக் கையில் கொடுத்தாள். தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கு நிறைந்துவிட்டது. திரையோரத்து இடுக்கு வழியாகப் பார்த்தேன். மூன்றாவது வரிசை ஓரத்தில் ஹென்ரிக் உட்கார்ந்திருந்தார். தனக்குத் தண்ணீர் ஊற்ற கொகுபு வேண்டாம், அக்காதான் ஊற்றவேண்டும் என்று இரோஹா கேட்டுக்கொண்டாள். எப்போது பாயவேண்டும் என்பது என் கைக்குத்தான் தெரியுமாம். மேடை வேலையாட்கள் போடும் கறுப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு வாளிகளோடு அவள் பின்னால் போய் நின்றேன். ஊற்றினேன். அவள் கத்தாமல் பல்லைக் கடித்ததைப் பார்த்தபோது எனக்குச் சுகமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதுகில் தட்டினேன். பாய்ந்தாள்.

சரியான இடத்தில்தான் விழுந்தாள். முடி முகத்தை மூடிக்கொண்டது. முன்வரிசையில் தண்ணீர் தெறித்து, எல்லாரும் 'ஓ' என்றார்கள். பிறகு அமைதி.

சீழ்க்கை வரவில்லை. தோளைக் குலுக்கிக் குலுக்கி மூச்சு வாங்கினாள், தொடர்களில் ஓடி வந்தவர்கள் வாங்குவதுபோல. மேளக்காரர் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவள் உதட்டைக் குவித்தாள். வெறும் காற்று வந்தது. மறுபடியும் காற்று. நாடாக்களின் மேல் கடல் ஓடிக்கொண்டிருந்தது, நிலா எழும்ப இன்னும் சில நொடிகள்தான் இருந்தன. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். இன்னொருவர் நாற்காலியில் அசைந்தார்.

நான் எதிர்பார்த்தது இதைத்தான். வாயை மூடிக்கொண்டு அப்படியே நின்றிருந்தால் போதும். ஹென்ரிக் எழுந்து வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருப்பார். லியோன் என்னுடையது.

ஆனால் மேடையில் அப்படியொரு ஓட்டை விழுந்தால் என்னால் தாங்க முடியாது. இருபத்தொரு வருடம் அதற்காகத்தானே அடி வாங்கினேன். எதிரில் நடிக்கிறவன் வசனத்தை மறந்தால் எடுத்துக்கொடுப்பது, கதவு திறக்காவிட்டால் ஜன்னல் வழியாக வருவது, எதுவானாலும் நாடகம் நிற்கக்கூடாது. யோசிக்கவே இல்லை. நாடாக்களுக்குப் பின்னால், வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, உதட்டைக் குவித்து ஊதிவிட்டேன்.

அந்த மாதிரி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. மெலிந்து, நீண்டு, கடைசியில் கொஞ்சம் உடைந்து வந்தது. மேளம் விழுந்தது. நிலா எழும்பியது. இரோஹா கச்சையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் இருபது நிமிடமும் பழுதில்லாமல் போயிற்று. என்ன செய்துவிட்டோம் என்பது முதல் கைத்தட்டலில்தான் உறைத்தது.

நிராசாகி பின்பக்கமாக வந்தார். எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"நல்லா இருந்துச்சு" என்றார் தணிந்த குரலில். "லியோனுக்கு உங்களுக்கும் டிக்கெட் போட்டுடறேன். வாளியும் ஊதலும் உங்க பொறுப்பு."

"அவர் இன்னும் ஒண்ணும் சொல்லல. பேச்சு பேச்சுதானே?" என்றேன்.

"போய்க் கேளுங்க" என்று கதவைத் திறந்துவிட்டார்.

வரவேற்பறையில் இரோஹா துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள், உதடு நீலமாக இருந்தது. வரிசை நகர்ந்து நகர்ந்து, கடைசியில் ஹென்ரிக் வந்தார். கண் சிவந்திருந்தது. நான் இரண்டடி தள்ளி, காலி வாளியோடு நின்றேன்.

"இரோஹா-சான். பன்னிரண்டு தடவையில, இன்னைக்கு மூச்சு மாதிரி ஒண்ணும் இல்ல. இன்னைக்கு ரொம்ப நல்லா" என்று அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எனக்கு நீங்க பெரிய உதவி செஞ்சீங்க."

இரோஹா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், யார் ஊதியது என்று. சொல்லிவிடவா என்று கண்ணாலேயே கேட்டாள். என்ன சொல்வது? ஊதியது நான் என்று சொன்னால், பதினொரு தடவை அவர் பார்த்ததும் நான்தான் என்று சொல்லவேண்டும். அவர் வீட்டில் வைத்திருக்கும் தாள்களில் இரோஹா என்று கையெழுத்துப் போட்டவளும் நான்தான். இந்த மனிதரைப் பார்த்து ஒப்பனையறையில் சிரிக்காமல் இருந்தேனே தவிர, இவரையும் சேர்த்துத்தான் ஏமாற்றினேன். இப்போது எந்த வாயால் உரிமை கேட்பது?

உதட்டைக் குவித்து ஒரே ஒருமுறை ஊதிக்காட்டினால் போதும், அவருக்குப் புரிந்துவிடும். குவித்தும் பார்த்தேன். அவர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். கறுப்பு உடுப்பையும் வாளியையும் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலை குனிந்தார்.

"மன்னிக்கணும். எங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடுத்துக் குடுப்பீங்களா?"

வாளியைக் கீழே வைத்து, ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு அவருடைய கைபேசியை வாங்கினேன். இரோஹா அழுதுவிடுவாள்போல இருந்தாள். கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னேன். முதல் படத்தில் அவர் கண்ணை மூடிவிட்டார்.

"இன்னொண்ணு எடுக்கறேன். இங்க பாருங்க" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்துச் சிரித்தார்.