புகை உறிஞ்சியும் கர்னலின் பிருகாவும்

கர்னல் பாடவில்லை. கூண்டுக்குள் உட்கார்ந்து அலகைத் தீட்டிக்கொண்டு தன்னை வளர்க்கும் ரெய்னேரியோவை ஏற இறங்கப் பார்த்ததே தவிர, வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் குருவிப் பாட்டுப் போட்டி. கார்தெனாஸ் ஊரில் கருங்குருவி வளர்க்கிற அத்தனை பேரும் மரக்கிளைகளில் கூண்டுகளைத் தொங்கவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். போன வருடம் கர்னலிடம் தன் குருவி தோற்றுப்போன ஏவேலியோ வேறு கறுவிக்கொண்டிருக்கிறான், சும்மா விடுவானா?

கர்னலின் பெருமையே அதன் பிருகாதான். நீளமாக ஒரு சீழ்க்கை, நடுவில் 'க்ஹ் க்ஹ்' என்று இரண்டு சின்ன வெட்டு, பிறகு மறுபடியும் மேலே ஏறும் சீழ்க்கை. அந்த வெட்டு ஊரில் வேறு எந்தக் குருவிக்கும் வராது. எங்கே கற்றது என்று கேட்டால், "ரத்தத்துலயே இருக்குப்பா" என்று ரெய்னேரியோ மார்தட்டுவான்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன புகை உறிஞ்சி வந்த பிறகுதான். அதையும் அவனேதான் செய்தான், யாரை நொந்துகொள்வது?

அவன் தங்கை இடால்மிஸ் கூடத்து ஜன்னலோரம் மேஜை போட்டு, ஊரில் செத்துப்போன ரேடியோ, டிவிக்கெல்லாம் உயிர் கொடுப்பவள். குனிந்து ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைக்கும்போதெல்லாம், அதிலுள்ள பிசினின் புகை நேராக மூக்குக்குள் ஏறும். அது நெஞ்சில் இறங்கி இருமலாக உட்கார்ந்துகொண்டது. 'புகையை நிறுத்து, இல்லாவிட்டால் வேலையை நிறுத்து' என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை நிறுத்தினால் இடால்மிஸ் இடால்மிஸாகவே இருக்க மாட்டாள். அது ரெய்னேரியோவுக்கும் தெரியும்.

செத்த கம்ப்யூட்டரிலிருந்து ஒரு காற்றாடி, அடியை வெட்டிய எண்ணெய் டின், சலவை இயந்திரத்தின் வடிகுழாய். அடுப்புக் கரியை இடித்து அவளுடைய பழைய காலுறையில் கட்டி, டின்னுக்குள் திணித்தான். குழாயின் மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே விட்டான். சுவிட்சைப் போட்டதும் கரித்தூள் மொத்தமும் இடால்மிஸ் முகத்தில் வந்து அப்பியது. காற்றாடியைத் திருப்பி மாட்டியிருக்கிறான் மகாராஜன்!

"என் நெஞ்சைக் காப்பாத்துறியா அண்ணா, இல்ல கர்னலுக்கு என்னைப் பொண்ணு பாக்குறியா?" என்றாள் அவள், கண் மட்டும் வெள்ளையாக.

திருப்பிப் போட்டதும் புகை வளைந்து, சமர்த்தாக டின்னுக்குள் ஓடியது. அவளுக்கு இருமல் அடங்கியது. கர்னலுக்குப் பாட்டும் அடங்கியது.

இது என்ன கூத்து? ரெய்னேரியோவுக்கு மண்டை காய்ந்தது. காற்றாடி இரைச்சலோ என்று, இடால்மிஸ் வேலையில் இல்லாதபோது அதை அணைத்துவிட்டுக் காத்திருந்தான். குருவி கொட்டாவிதான் விட்டது. கரி வாசனையோ என்று கூண்டைச் சமையலறைக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி கூடத்துக்கே கொண்டுவந்தான். தீனியை மாற்றினான், தண்ணீரை மாற்றினான். ஒன்றும் பிடிபடவில்லை. புகை இருந்தபோது பாடிய குருவி, சுத்தமான காற்றில் ஏன் பாட மாட்டேன் என்கிறது?

வாசல் வழியாக எட்டிப் பார்த்த ஏவேலியோவுக்கு ஒரே குஷி. "என்னப்பா, உன் கர்னலுக்குப் பட்டாளத்துல ஓய்வு குடுத்துட்டாங்களா?"

"போடா, வேலையைப் பாத்துக்கிட்டு!"

சனிக்கிழமை அவன் மெல்ல மேஜைப் பக்கம் வந்தான். "ஏய், ஒரே ஒரு நாளைக்கு அந்த மிஷினைக் கழட்டி வைக்கட்டுமா?"

இடால்மிஸ் நிமிர்ந்து பார்த்தாள். "குருவிக்காகவா?"

"போட்டி முடியற வரைக்கும்தான்டி. நாளைக்கு சாயங்காலமே மாட்டிடறேன்."

"சரி, கழட்டு" என்று ஒரு ரேடியோவை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. அவள் முகம் சுண்டியதை அவன் கவனிக்கவில்லை.

ஈயம் உருகிப் புகை எழுந்தது. அவள் உதட்டைக் குவித்து அதைத் தள்ளி ஊதினாள். சீழ்க்கை போல நீளமாக ஓர் ஊதல். பாதியில் மூச்சு முட்டியது. க்ஹ் க்ஹ். பிறகு தம் பிடித்து மறுபடியும் ஊதினாள்.

கூண்டுக்குள் கர்னல் கழுத்தை நீட்டியது. நீளமாக ஒரு சீழ்க்கை, க்ஹ் க்ஹ், மேலே ஏறும் சீழ்க்கை.

"பாடிடுச்சு! இடால்மிஸ், பாடிடுச்சுடி!" என்று துள்ளினான் ரெய்னேரியோ.

அவள் மறுபடி ஊதினாள், இருமினாள், ஊதினாள். குருவியும் அப்படியே. துள்ளியவன் நின்றுவிட்டான். தங்கையைப் பார்த்தான், கூண்டைப் பார்த்தான், மறுபடி தங்கையைப் பார்த்தான்.

"என்ன பண்றே நீ?"

"புகையை ஊதறேன். எப்பவும் ஊதறதுதானே?"

"நடுவுல அது என்ன?"

"மூச்சு முட்டுது. வேற என்ன?"

போன வருடம் பூங்காவில் அந்த வெட்டுக்குத்தான் எல்லோரும் கைதட்டினார்கள். அவனும் எவ்வளவு கர்வமாகத் தொப்பியைக் கழற்றி வணங்கினான்! இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது. டின்னை எடுத்து மேஜையில் பொருத்தி, குழாயை ஜன்னலில் செருகிச் சுவிட்சைப் போட்டான்.

"நாளைக்குப் போட்டி அண்ணா."

"தெரியும்."

புகை டின்னுக்குள் ஓடியது. அவள் ஊதுவதை நிறுத்தினாள். கர்னல் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வாயை மூடிக்கொண்டது.

ரெய்னேரியோ நாற்காலியைக் கூண்டருகே இழுத்துப் போட்டான். உதட்டைக் குவித்து நீளமாக ஊதினான். குருவி முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தது. விடாமல் மறுபடியும் ஊதினான்.

இடால்மிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படி இல்ல அண்ணா. நடுவுல க்ஹ் க்ஹ்னு ஒரு..."

"அது வேண்டாம்டி" என்றான். "அது இல்லாமலே கத்துக்கட்டும்."