ஆணியில் மாட்டிய சாவி

"கடைச் சாவி யார்கிட்டம்மா இருந்துச்சு?" என்று பள்ளிவாசல் ஹஜரத் கேட்டார்.

ஜமீலா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். ஜமாஅத் அறைப் பாயில் எதிரே அவள் கணவனின் அண்ணன் சிராஜுதீன், பக்கத்தில் நாத்தனார் சபுரா. மாமனார் மவுத்தாகி நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுநாளே பங்குப் பேச்சு வந்துவிட்டது. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. எந்த அறை யாருக்கு என்று அண்ணனும் தங்கையும் ஒரு வாரம் கத்தினார்கள். ஜமீலாவைப் பற்றிச் சண்டையே இல்லை. தகப்பனுக்கு முன்னால் ஒரு மகன் இறந்து, இன்னொரு மகன் உயிரோடு இருந்தால் இறந்தவன் பிள்ளைக்கு ஷரீஅத்தில் பங்கில்லை. எட்டு வருடத்துக்கு முன் கணவன் இலியாஸ் அத்திப்பள்ளிப் பக்கம் லாரியில் அடிபட்டு இறந்த அன்றே அவளும் மகள் ரிஃபாவும் அந்த வீட்டுப் பங்குக்கு வெளியே போய்விட்டார்கள். அவளுக்குத்தான் இவ்வளவு நாள் தெரியவில்லை.

மிச்சமிருந்தது ஜூஜுவாடிக் கடை. நெடுஞ்சாலையைப் பார்த்த ஒற்றை அறை. அதில் இரண்டு மெஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கையுறை தைத்துத்தான் ரிஃபாவை பாலிடெக்னிக் வரை கொண்டுவந்திருந்தாள். இலியாஸ் போய், நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்த அன்று, குடும்பமே உட்கார்ந்திருக்க மாமா சொன்னார், "இந்தக் கடைய உனக்கு ஹிபாவா கொடுத்துட்டேன்மா." அவளும் "ஏத்துக்கிட்டேன் மாமா" என்றாள். வாய்வார்த்தையாகத் தந்த தானம்தான், பத்திரம் கேட்க வாய் வரவில்லை. சொந்த மாமனாரிடம் எழுத்துக் கேட்கிற மருமகளை ஊர் சும்மா விடுமா?

"அத்தா கொடுத்துட்டேன்னு சொன்னாரு ஹஜரத். நானும் அங்கதான் இருந்தேன்" என்றாள் சபுரா. தன் பங்கும் குறையும் என்று தெரிந்தே சொன்னாள். சிராஜுதீன் தங்கையை முறைத்தான்.

"சொன்னாருங்கறத நான் மறுக்கலம்மா. சொன்னா மட்டும் பத்தாது. கொடுத்தவரு கைய விட்டுப் போயிருக்கணும். அதான் சாவியக் கேக்கறேன்."

தினமும் சாயங்காலம் கடையைப் பூட்டிக்கொண்டு வந்து, மாமாவின் கட்டிலுக்கு மேலே இருக்கிற ஆணியில் சாவியை மாட்டுவாள். காலையில் அவர் கூடவே வந்து, பிஸ்மில்லா சொல்லி ஷட்டரைத் தூக்குவார். அதற்குப் பிறகுதான் இவள் உள்ளே கால் வைப்பாள். "நீயே வச்சுக்கயேம்மா" என்று அவரும் பலமுறை சொல்லிப் பார்த்தார். இவள்தான் கேட்கவில்லை. பெரியவர் கை பட்டுத் திறக்கட்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். அந்த மரியாதைதான் இப்போது கழுத்தை நெரித்தது.

இரண்டாவது மெஷினில் தைக்கிற சாந்தம்மா காலையில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். "உன் கையிலதான் இருந்துச்சுன்னு சொல்லிடக்கா. நான் வந்து சாட்சி சொல்றேன்." ஒரு பொய் போதும். ஆனால் பள்ளிவாசல் சுவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டு ஜமீலாவுக்குப் பொய் வரவில்லை.

"மாமாகிட்டதான் இருந்துச்சு."

ஓசூர் வக்கீலும் போன வாரம் இதையேதான் கேட்டு, ஃபைலை மூடி வைத்திருந்தார்.

வெளியே வரும்போது சிராஜுதீன் தாழ்ந்த குரலில், "மெஷினெல்லாம் உன்னுதுதாம்மா, எடுத்துக்க. சாவிய மட்டும் நாளைக்குக் குடுத்துரு" என்றான். கெட்டவனாக இருந்திருந்தால் வாய்விட்டுச் சபிக்கவாவது செய்திருப்பாள்.

அன்று சாயங்காலம் ஷட்டரை இழுத்துப் பூட்டியபோது அவளுக்கு வெறி வந்தது. தர மாட்டேன். பூட்டை உடைக்கட்டும், போலீசைக் கூப்பிடட்டும், தர மாட்டேன். வழி முழுக்க இதையே சொல்லிக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குள் நுழைந்து, எப்போதும் போல முகம் கழுவி, அடுப்பில் டீக்கு வைத்தாள்.

"அம்மா, சாவிய எங்க வச்சிருக்க? பத்திரமா வச்சியா?" என்று ரிஃபா வந்து கேட்டாள்.

ஜமீலா கையைப் பார்த்தாள். பையைக் கவிழ்த்தாள். பிறகு அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மாமாவின் அறைக்கு ஓடினாள்.

கட்டிலை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்கள். சுவரில் ஆணி இருந்தது, அதில் சாவி தொங்கியது. அதற்கு நேர் கீழே சிராஜுதீன், எடுக்கலாமா என்று தெரியாதவன் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.