ஓ குரூப் தங்கச்சி

பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர் அவர். அங்கே எல்லார் ஹெல்மெட்டிலும் ரத்த குரூப்பைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். அடிபட்டுக் கிடக்கிறவனிடம் விசாரித்துக்கொண்டிருக்க முடியுமா? அதனால் குரூப் என்றால் அவருக்கு வேதவாக்கு. அவரும் தம்பியும் பி. தங்கச்சி ஓ.

அவருக்கு ரத்தத்தில் புற்றுநோய், வேறொருவர் எலும்பு மஜ்ஜை வேண்டும் என்று சொன்ன டாக்டரம்மா கேட்டாள்: "கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்?"

"தம்பி ஒருத்தன்தான்."

மனைவி வாயைத் திறந்தாள். அவர் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டாள். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, தங்கச்சி ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்காளே!"

"அவ ஓ. வந்து என்னத்தைக் கிழிக்கப் போறா?"

குரூப் பாதிக் காரணம்தான். அப்பாவின் சாவு வீட்டில், "நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாம நீதான் கொன்னே" என்று ஊர் பார்க்கக் கத்தியவள் அவள். அன்றோடு பேச்சில்லை.

தம்பிக்குச் சோதனை செய்தார்கள். சேரவில்லை.

"ஒரே குரூப்பும்மா! லேப்ல ஆள் மாத்திட்டீங்க" என்று குதித்தார்.

"ஐயா, குரூப் வேற, இது வேற. நாங்க பாக்கறது திசுப் பொருத்தம். அப்பாகிட்ட பாதி, அம்மாகிட்ட பாதின்னு வர்றது. கூடப் பொறந்தவங்கள்லயே நாலுல ஒருத்தருக்குத்தான் முழுசாச் சேரும். குரூப் வேறயா இருந்தாலும் வைக்கலாம். வச்சப்புறம் உங்க குரூப்பே அவங்க குரூப்பா மாறிடும்."

குரூப் மாறுமாம்! காதில் பூச்சுற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். தங்கச்சி பேச்சை எடுக்கவே இல்லை. முதலில் கொடுத்த மருந்தில் நோய் அடங்கியிருந்தது. முன்பின் தெரியாதவர்களில் யாராவது பொருந்துவார்களா என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் மாதக்கணக்கில் தேடினார்கள். ஒருவரும் அகப்படவில்லை.

கடைசியில் மனைவி அவருக்குத் தெரியாமல் போன் போட்டாள். தங்கச்சி அடுத்த பஸ்ஸிலேயே வந்து கையை நீட்டினாள்.

சோதனை முடிவு வந்த அன்று டாக்டரம்மா அறைக்குள் வந்தாள். "முழுப் பொருத்தம்."

மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"நோய் திரும்ப வந்திருக்கு. முதல்ல மருந்து குடுத்து அதை அடக்கணும். அடங்கினாத்தான் வைக்க முடியும். இவங்க முதல்லயே வந்திருந்தா..."

"என்னை யாரு கூப்பிட்டா?" என்றாள் தங்கச்சி.

டாக்டரம்மா அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

எல்லாரும் போனபின் தங்கச்சி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஏண்ணே கூப்பிடல?"

"நீ ஓன்னு..."

"பொய் சொல்லாத. அப்பா விஷயம்தானே?"

அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"சொன்னதை நான் இப்பவும் வாபஸ் வாங்கல. அதுக்காக வராம இருந்திருப்பேனா? கழுதை மாதிரி வயசு ஆச்சு, இது தெரியல உனக்கு."

"திட்டணும்னா திட்டிட்டுப் போ."

"போறதுக்கா வந்தேன்?"

புது மருந்து ஏறியது. வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட இறங்கவில்லை. தங்கச்சி சளி பிடித்தவர் அருகில்கூடப் போகாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். எப்போது கூப்பிடுவார்கள் என்று நர்ஸை நச்சரித்தாள்.

நோய் அடங்கவில்லை. இரண்டாம் முறை மருந்தை அவர் உடம்பு தாங்கவில்லை.

காரியம் முடிந்து அவள் ஊருக்குப் பஸ் ஏறினாள். அவளிடமிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை.