அளந்த தண்ணீர்

அது காலையா, மதியமா என்பதில் எனக்கு நிச்சயமில்லை. சொன்னது தங்கை, அவளும் மாற்றி மாற்றித்தான் சொன்னாள். அண்ணன் கையிலிருந்து சொம்பைப் பிடுங்கினாள் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

"ஒரு வாய் குடு. விக்கல் நிக்கட்டும்."

"இன்னிக்கு அளந்து வச்ச தண்ணி முடிஞ்சுதுண்ணே. போன தடவ மூச்சு முட்டிக் கெடந்தது மறந்துட்டியா?"

"ஊரு பூரா குழாய் போட்டவன். எனக்கு ஒரு வாய் இல்ல."

அண்ணன் பிளம்பர். இரண்டு சிறுநீரகமும் போய், வாரா வாரம் டயாலிசிஸ் என்றான பிறகும், எங்காவது குழாய் சொட்டினால் படுத்தபடியே வாஷரைத் திட்டுவார்.

முந்தைய நாள் சாயங்காலம் பிடித்த விக்கல். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "யாரோ தம்பிய நினைக்கிறாங்க போல," என்றாள்.

"பாதி வேலைல விட்டுட்டு வந்த வீட்டுக்காரனா இருக்கும்." சொல்லும்போதும் விக்கியது.

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. வாழைப்பழம், ஆரஞ்சு, தக்காளி என்று ஒவ்வொன்றாக டாக்டரிடம் கேட்டு நிறுத்தியவள் அவள். நாக்கு வறண்டால் சப்பிக்கொள்ள, அக்கா வீட்டு மரத்து நட்சத்திரப் பழத்தை முந்தைய நாள் காலையிலிருந்தே வில்லை வில்லையாக நறுக்கிக் கொடுத்து வந்தாள். இப்போதும் தண்ணீருக்குப் பதில் இரண்டு வில்லையை அவர் வாயில் வைத்தாள்.

சாயங்காலம் அண்ணன் அவளை அடையாளம் தெரியாமல் "அம்மா" என்று கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் இயந்திரத்தில் மாட்டுவதற்குள் வலிப்பு வந்தது. நிற்கவேயில்லை.

டாக்டர் வெளியே வந்தார். "விக்கல்னு சொன்னீங்களே. நட்சத்திரப் பழம் ஏதாவது சாப்பிட்டாரா?"

"நான்தான் நறுக்கிக் குடுத்தேன்."

"கிட்னி போனவங்களுக்கு அதுல உள்ள விஷம் வெளிய போகாதும்மா. மூளைக்கு ஏறிடும். மொதல்ல விக்கல்தான் வரும்."

"எத்தன தடவ கேட்டேன், என்ன குடுக்கலாம், என்ன கூடாதுன்னு. ஒரு வார்த்த சொல்லலையே."

"அபூர்வமா வர்றது. எங்களுக்கும் தோணல."

வராந்தாவில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் போய் இறுக்கினாள். மறுபடியும் இறுக்கினாள். சொட்டிக்கொண்டே இருந்தது.

மறுநாள் சாவு வீட்டில் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடைசியா நம்ம மரத்துப் பழம்தான் தம்பி வாய்க்குப் பிடிச்சுது. அந்தத் திருப்தியாவது இருக்கு."

தங்கை முந்தானையால் அக்காவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"ஆமாக்கா. பிடிச்சுதான் சாப்பிட்டாரு."

டாக்டர் வேறு ஊருக்கு மாறிப் போனார். அண்ணனின் கருவிப் பை அவருடன் வேலை செய்தவரிடம் இருக்கிறது. அக்கா அதே வீட்டில்தான். மரம் காய்க்கும்போதெல்லாம் சுவருக்கு மேலே ஒரு பை வரும். "நல்லா பழுத்திருக்குக்கா," என்று தங்கை வாங்கிக்கொள்வாள். பிறகு பின்பக்கம் போய்க் கை கழுவுவாள். குழாய் நெடுநேரம் ஓடும்.