மூணு வாய்ச் சோறு

“ஒரு நாள் விசேஷத்துக்குத்தான்னா சின்னதையே எடுத்துக்குங்கண்ணே. பெருசு கைக்குப் பழகணும்” என்று கேமரா கடை உமர் பாரூக் சொன்னதுதான் தாமதம், அங்கப்பனுக்குச் சுருக்கென்றது. கண்ணாடி மேசை மேல் இரண்டும் இருந்தன. ஒன்று சட்டைப் பையில் அடங்குகிற வெள்ளிநிறக் குட்டிக் கேமரா. அமுக்கினால் படம், அவ்வளவுதான். இன்னொன்று நீண்ட லென்ஸும் கழுத்தில் மாட்டப் பட்டையுமாகக் கறுகறுவென்று இருந்த டிஎஸ்எல்ஆர். செல்போனில் எடுத்தால் மூக்கும் முழியும் தெரியாத காலம் அது. அக்கா பாவாத்தாளின் மகன் மனோஜ்குமாருக்குக் கல்யாணம். பெண்வீடு தாராபுரம், தோப்பும் ரைஸ் மில்லும் உள்ள இடம். அவர்கள் முன்னால் தாய்மாமன் சோப்பு டப்பா மாதிரி ஒன்றை நீட்டிக்கொண்டு நிற்பதா? சிங்காநல்லூரில் நாலு லேத்து மிஷின் ஓட்டுகிறவனுக்கு ஒரு கேமரா ஓட்டத் தெரியாதா? “பெருசையே குடுங்க பாய்” என்றான். உமர் பாரூக் அதை எடுத்துக் கொடுத்தார். கூடவே அந்தச் சின்னதையும் பைக்குள் வைத்து, “எதுக்கும் கையில இருக்கட்டும். விசேஷம் முடிஞ்சு திருப்பிக் குடுங்க” என்றார். நல்ல மனுஷன். அந்த நல்லதனம்தான் அங்கப்பனுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதை மகள் அக்ஷயாவிடம் கொடுத்து, “அங்க வந்து இதை வெளிய எடுத்துப்போடாத கண்ணு, மானம் போயிரும்” என்றான்.

அக்கா கேட்டிருந்தது ஒரே ஒரு படம். மனோஜ்குமாருக்கு மூன்று வயதிருக்கும்போதே அவள் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மணவறைப் பக்கம் வராதே என்று அவளிடம் யாரும் சொல்லப்போவதில்லை. அவளே கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். மண்டபத்துக்குப் பேசியிருந்த போட்டோக்காரர்கள் எடுக்கிற எதிலும் அவள் இருக்கமாட்டாள். அவளுக்கென்று மிச்சமிருந்தது ஒரு சீர்தான்: தாயுடன் உண்ணல். மாப்பிள்ளை வீட்டைவிட்டுக் கிளம்புமுன் தாய் மகனுக்கு மூன்று வாய் ஊட்டிவிட்டு, அதே வட்டலில், மகன் உண்ட தட்டிலேயே, தானும் உண்ணவேண்டும். “அது ஒண்ணு மட்டும் நல்லா எடுத்துக் குடு சாமி. பத்தாம் நாளு அவன் ஜெர்மனிக்குப் போயிருவான். நான் அதைப் பாத்துட்டு இருந்துக்குவேன்” என்றாள். “அதுக்கென்னக்கா, செவுரு நெறையப் போட்டுத் தாரேன்” என்று அங்கப்பன் மார்தட்டினான்.

துடியலூரில் அக்கா வீட்டின் உள்ளறையில் ஜன்னல் சின்னது, சனம் ஜாஸ்தி. அங்கப்பன் எல்லோரையும் விலக்கிக்கொண்டு போய் நேர் முன்னால் மண்டி போட்டான். பாவாத்தாள் பாலும் பழமும் போட்டுப் பிசைந்த சோற்றை உருட்டி மகன் வாய்க்குக் கொண்டுபோனாள். அங்கப்பன் அமுக்கினான். லென்ஸ் கர்ர்ரென்று முன்னும் பின்னும் போய்வந்ததே தவிர, படம் விழவில்லை. “சித்த இரு அக்கா. அப்படியே புடிச்சுக்க.” பிடித்துக்கொண்டாள். மறுபடியும் கர்ர். சோற்றுப் பால் அவள் முழங்கை வரைக்கும் வழிந்தது. “இன்னொருக்கா ஊட்டுக்கா.” ஊட்டினாள். “இன்னொருக்கா.” மூணு வாய் அஞ்சு வாய் ஆனது. அழைக்க வந்திருந்த பெண்வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கப்பனுக்குக் காது சுட்டது. அடக் கெரகமே என்று கைக்குத் தட்டுப்பட்டதையெல்லாம் நோண்டினான். லென்ஸின் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டன் இருந்தது. அதைத் தள்ளினானோ இல்லையோ, கேமரா படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. விட்டேனா பார் என்று அவனும் அடித்துத் தள்ளினான். “அக்கா, கையை இறக்கிப்போடாத! அப்படியே, அப்படியே!”

சீர் நடத்திவைக்கிற அருமைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். “ஏனுங்க தம்பி, சீரு தாய்க்கும் மகனுக்கும் நடக்குதுங்களா, உங்க பொட்டிக்கு நடக்குதுங்களா? நேரமாச்சு, மாப்பிள்ளையை எந்திரிக்கச் சொல்லுங்க.” அறையே கொல்லென்று சிரித்தது. மனோஜ்குமார் எழுந்தான். வாசலில் மேளம் தொடங்கிவிட்டது. பாவாத்தாள் வட்டலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கப்பன் அவளைப் பார்க்கவில்லை. கேமராவின் குட்டித் திரையில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் பளிச்சென்று இருப்பதாகத்தான் அவனுக்குப் பட்டது.

கல்யாணம் முடிந்து கடையில் உமர் பாரூக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டியபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. அறுபத்திரண்டு படம். ஒன்றிலாவது முகம் இருக்கவேண்டுமே! எல்லாம் கலங்கல். “லென்ஸ் பக்கத்துப் பட்டனைத் தள்ளி ஆட்டோ போகஸை ஆப் பண்ணிட்டீங்கண்ணே. படத்தைத் தெளிவாக்கறதே அதுதான்” என்றார் உமர் பாரூக் மெதுவாக. அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அங்கப்பன் சின்னக் கேமராவை எடுத்து மேசை மேல் வைத்தான். திருப்பி வாங்கியவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பாப்பா இதுல ஒண்ணு எடுத்திருக்குதுங்களே” என்று திரையைத் திருப்பினார்.

படம் துல்லியமாக இருந்தது. வேர்வையில் ஒட்டிய பட்டுச் சட்டையோடு அங்கப்பனின் அகலமான முதுகு முக்கால் படத்தை அடைத்துக்கொண்டிருந்தது. மனோஜ்குமாரைக் காணோம், அக்காவின் முகத்தைக் காணோம். முதுகுக்கு ஒரு ஓரத்தில் சோற்றுருண்டையோடு ஒரு கை மட்டும் நீண்டிருந்தது. கீழே வட்டல். அதில் அவள் பங்குச் சோறு அப்படியே இருந்தது. அங்கப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் உண்ணுமுன்னே மாப்பிள்ளையை எழுப்பிவிட்டார்கள்; அக்கா அந்த வட்டலில் சாப்பிடவே இல்லை. அவன் சாப்பிட விடவில்லை. “இதை அழிச்சுப்போடுங்க பாய்.”

“அழிக்கறது ஒரு நொடி வேலைண்ணே. அக்காகிட்ட எதைக் குடுப்பீங்க?”

மனோஜ்குமார் விமானம் ஏறிய மறுநாள் அங்கப்பன் அந்த ஒரு படத்தோடு துடியலூர் போனான். வழியெல்லாம் நாலைந்து பொய் யோசித்து வைத்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் உள்ளதையே சொல்லிவிட்டான். “நான் எடுத்தது ஒண்ணும் தேறலக்கா. இது அக்ஷயா எடுத்தது” என்று நீட்டினான். பாவாத்தாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். வெகுநேரம் பார்த்தாள்.

“என்ற கைதான இது?”

“ஆமாக்கா.” தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: “அன்னைக்கு நீ ஒரு வாய்கூடத் திங்கலியாக்கா?”

“நீதான சாமி புடிச்சுக்கச் சொன்ன. அதான் புடிச்சுட்டே இருந்தேன்.” அதில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

அவள் படத்தை இன்னும் கொஞ்சம் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கட்டைவிரலை வைத்து அந்த முதுகை மறைத்தாள். அந்தப் பக்கம் மகன் தெரிகிறானா என்று விரலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.